"ஐ பாஸ்ட் அவுட் இன் 2021"னு சொன்னேன், "இப்ப உடம்பு பரவாயில்லையா"ன்னு கேட்டுட்டாங்க

இந்த வாரம் எடுத்துக்கிட்ட லெட்டர் 26 வயசுப் பொண்ணு ஒருத்தங்க எழுதினது. பேரு, கம்பெனி விவரம் எல்லாம் எடுத்துட்டேன். விருதுநகர் பக்கம் சொந்த ஊரு, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், 2021ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு இப்ப ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனில சப்போர்ட் டீம்ல வேலை. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி புதுசா ஒரு அமெரிக்க கிளையன்ட் வந்திருக்காங்க, முதல் கால்ல ஆளாளுக்கு தன்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும், இவங்க முறை வந்ததும் நைட்டெல்லாம் மனப்பாடம் பண்ணின மாதிரியே "ஐ பாஸ்ட் அவுட் இன் 2021"னு ஆரம்பிச்சிருக்காங்க. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் கிளையன்ட் அம்மா ரொம்ப அக்கறையா "ஓ, ஆர் யூ ஓகே நவ்?"னு கேட்டிருக்காங்க. நம்ம பக்கம் ரெண்டு பேரு மியூட் போட மறந்துட்டு சிரிச்சிருக்காங்க. சாயங்காலமே டீம் வாட்ஸப் குரூப்ல இவங்க போட்டோவோட ஒரு பீர் பாட்டில ஒட்டி ஸ்டிக்கர் ரெடி.

இவங்க வீட்டுக்குப் போய் டிக்‌ஷனரி பார்த்திருக்காங்க, 'மயங்கி விழுறது'ன்னு போட்டிருக்கு, சரி இதுதான் அர்த்தம்னு மனசுல எழுதி வச்சுட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு கிளையன்ட் பக்கத்து ஆளு ஒருத்தர் சாட்ல, உங்க மெசேஜைப் பாக்கல சாரி, "ஐ பாஸ்ட் அவுட் ஆன் த கவுச் அட் நைன்"னு போட, இவங்க பதறிப்போய் டாக்டரப் பார்த்தீங்களா, பிரஷர் செக் பண்ணீங்களான்னு நாலு வரி எழுதிட்டாங்க. அவரு சிரிக்கிற பொம்மை ஒண்ணப் போட்டு "ஜஸ்ட் டயர்ட்"னு முடிச்சுட்டார்.

மூணாவதுதான் வேலைக்கே வினையானது. வாராவாரம் அனுப்புற ரிப்போர்ட்டுக்கு இவங்களே ஒரு புது ஃபார்மேட் செஞ்சு கிளையன்ட் மேனேஜருக்கு அனுப்பியிருக்காங்க. அவரு பதிலுக்கு "தேங்க்ஸ், ஐ வில் பாஸ் ஆன் திஸ் ஒன்"னு ஒரே வரி. ஆஹா, மேல யாருக்கோ அனுப்பி வைக்கிறார் போலன்னு இவங்க ரெண்டு வாரம் காத்திருந்து, டீம் லீட்கிட்டயும் "ஃபார்வர்ட் ஆயிருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. ரிவ்யூ கால்ல லீட் அதைக் கேட்க, மேனேஜர் "இல்லையே, வேண்டாம்னு அன்னைக்கே சொல்லிட்டேனே"ன்னுட்டார். கால் முடிஞ்சதும் செம டோஸ்.

இப்ப இவங்க கேக்குறது நாலு விஷயம். படிப்பு முடிச்சதுக்கு பாஸ் அவுட்னு சொல்றது தப்பா? பாஸ் அவுட், பாஸ் ஆன் மாதிரி வினைச்சொல்லோட ஒரு சின்ன வார்த்தை ஒட்டி வர்ற இந்த ப்ரேசல் வெர்புக்கெல்லாம் எத்தனை அர்த்தம்தான் இருக்கு, எப்படி மனப்பாடம் பண்றது (ஆயிரம் ப்ரேசல் வெர்ப் புக் ஒண்ணு 450 ரூபாய்க்கு வாங்கி 63வதுல நிக்குறாங்களாம்)? கிளையன்ட் கால்லருந்து தன்னை எடுத்துடச் சொல்லி லீட்கிட்ட கேக்கலாமா? அந்த ஸ்டிக்கர் இன்னமும் குரூப்ல சுத்துது, அதுக்காக ஹெச்.ஆர். வரைக்கும் போனா ஓவரா இருக்குமா? கடைசியா ஒரு வரி, "தமிழ் மீடியத்துல படிச்சதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு தோணுது மேடம்."

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் இருபது வருஷமா கம்பெனிகளுக்குப் போய் இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி குடுக்குறவ, வேலையிடப் பிரச்சினைகளுக்கு கவுன்சிலிங்கும் பண்றேன். உங்க லெட்டரப் படிச்சப்ப, மன்னிச்சுக்கோங்க, பிரஷர் செக் பண்ணீங்களாங்கிற இடத்துல நானும் சிரிச்சுட்டேன். உங்களப் பார்த்து இல்ல. டிக்‌ஷனரியைப் பார்த்து நேர்மையா ஒரு அர்த்தத்தக் கத்துக்கிட்டு வந்த ஆளை, அதே வார்த்தை ஒரே மாசத்துல திரும்ப ஏமாத்திடுச்சு பாருங்க, அதை நினைச்சுத்தான்.

முதல்ல அந்த முதல் கேள்வி. நீங்க சொன்னது தப்பான இங்கிலீஷ் இல்ல. நம்ம பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமில பயிற்சி முடிச்சு வெளிய வர்றவங்க நடத்துற அணிவகுப்புக்குப் பேரே 'பாஸிங் அவுட் பரேட்'தான். டேராடூன்லயும் அதேதான், ஹைதராபாத் போலீஸ் அகாடமிலயும் அதேதான். பிரிட்டிஷ் ராணுவத்துல பயிற்சி முடிச்சு வெளிய வர்றதுக்கு இந்த வார்த்தைய இன்னைக்கும் சொல்றாங்க, நீங்க ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை இன்னும் ரெண்டு வரி கீழ இறக்கிப் பார்த்திருந்தா அதுலயே போட்டிருக்கும். நம்ம ஊர்ல அது ராணுவத்தோட நிக்காம காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. வரைக்கும் வந்துடுச்சு. வேலை விளம்பரத்துல '2024 பாஸ் அவுட்ஸ் மட்டும்'னு போடுறான், பிரின்சிபால் மேடையில பேசுறார், மாமா கல்யாண வீட்ல "எந்த வருஷம்மா பாஸ் அவுட்டு?"ன்னு கேக்குறார். இந்தியா பூரா கோடிக்கணக்கான பேரு தினமும் சொல்ற வார்த்தை அது. அன்னைக்கு மியூட் போட மறந்து சிரிச்ச அந்த ரெண்டு பேரும் தங்களோட இன்டர்வியூல என்ன சொல்லி உள்ள வந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க, அவங்களுக்கே அந்த அர்த்தம் அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனா அமெரிக்கக்காரங்க காதுல இந்த அர்த்தம் ஏறவே ஏறாது. அவங்களுக்கு பாஸ்ட் அவுட்னு ஒரு ஆளு தன்னைப் பத்தி சொன்னா நினைவு தப்பிடுச்சுன்னுதான். கேரளாவுக்குப் போய் ஹோட்டல்ல உக்காந்தா சர்வர் "வெள்ளம் வேணோ?"ன்னு கேப்பார்ல, அவருக்கு வெள்ளம்னா தண்ணி, நாம ஒரு செகண்ட் முழிப்போம்ல, அது மாதிரிதான் இதுவும். அவர் சொன்னதும் தப்பில்ல, நாம முழிச்சதும் தப்பில்ல. உங்க வார்த்தை நல்ல வார்த்தைதான், விலாசம் மாறிப்போச்சு. உள்ளூர் இன்டர்வியூல தாராளமா சொல்லுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. வெளிநாட்டு ஆளு லைன்ல இருந்தா "ஐ கிராஜுவேட்டட் இன் 2021", முடிஞ்சது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிச்சவங்க "ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ"ன்னு சொன்னா போதும், அது எல்லா நாட்டுக்கும் புரியும்.

ஒரே பாஸ் அவுட், உள்ள பல ஆளு

ரெண்டாவது கேள்விக்கு வரேன், இதுலதான் நீங்க ஒரு விஷயத்தத் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கீங்க. டிக்‌ஷனரில முதல்ல போட்டிருக்கிற அர்த்தம்தான் நிஜ அர்த்தம், மத்ததெல்லாம் சும்மா ஒட்டிக்கிட்டது, அப்படின்னு நினைச்சிருக்கீங்க. இல்லம்மா. பாஸ் அவுட்ங்கிற அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள தனியா ஒரு அர்த்தமும் உக்காந்திருக்கல, அதைச் சுத்தி யாரு நிக்குறாங்கன்னு பார்த்தாதான் தெரியும்.

உங்க சாட் நண்பரையே எடுத்துக்கோங்க. கவுச்சு, ராத்திரி ஒம்பது மணி, நாள் பூரா வேலை. இந்த மூணும் பக்கத்துல இருந்தா அது மயக்கம் இல்ல, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டேன்னு அர்த்தம், நம்ம ஊர்ல "அப்படியே சோபாவுல சாஞ்சவன்தான்"னு சொல்லுவோம்ல, அது. அதுவே வெயில்ல நின்னா, ரத்தம் குடுத்தப்போ, ரெண்டு வேளை சாப்பிடாம இருந்தப்போன்னு வந்தா நிஜமாவே மயக்கம். பார்ட்டி, பாட்டிலுன்னு வந்தா குடிச்சுட்டு மட்டையாயிட்டான். பாருங்க, 'மட்டை'க்கு நம்மகிட்ட எத்தனை அர்த்தம், தென்ன மட்டை, கிரிக்கெட் மட்டை, இந்த மட்டை, யாராவது உங்களுக்கு லிஸ்ட் போட்டுக் குடுத்தாங்களா?

இது எல்லாத்துலயும் ஒண்ணு கவனிங்க. மயங்குறதோ தூங்குறதோ தானா நடக்குறது, யாரும் எதையும் யாருக்கும் பண்ணல. வாக்கியத்துல ஒரு பொருள் வந்துடுச்சுன்னா கதையே வேற. "ஷி பாஸ்ட் அவுட் த ஃபார்ம்ஸ்"னா அந்தம்மா ஃபார்மை எல்லாருக்கும் வரிசையா விநியோகம் பண்ணாங்க, அவ்ளோதான், யாரும் விழல. டீச்சர் கொஸ்டின் பேப்பர் குடுக்குறது, கல்யாணத்துல தாம்பூலப் பை குடுக்குறது, எல்லாம் இந்த வகை. அதனால எங்க பாஸ் அவுட்னு பார்த்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, எதை? 'எதை'ங்கிறதுக்குப் பதில் இருந்தா விநியோகம். பதில் இல்லன்னா ஆளுக்கு என்னவோ ஆயிடுச்சு, அது தூக்கமா மயக்கமா சரக்கான்னு இடம் பார்த்துக் கண்டுபிடிக்கணும்.

இன்னொண்ணும் சும்மா தெரிஞ்சுக்கோங்க, அயர்லாந்துக்காரங்க ரோட்டுல முன்னாடி போற வண்டிய ஓவர்டேக் பண்றதுக்கு பாஸ் அவுட்னு சொல்லுவாங்க. அதுலயும் 'எதை'ன்னு கேட்டா பதில் இருக்கு, ஆனா லாரியை யாரும் விநியோகம் பண்ண முடியாதே, அதனால தப்பிச்சோம். இதெல்லாம் உங்க புக்ல இருக்காது. ஆயிரம் வரைக்கும் போனாலும் இருக்காதுன்னு நினைக்குறேன்.

தமிழ்ல இதை நீங்க எப்பவோ பாஸ் பண்ணிட்டீங்க

"இந்த இங்கிலீஷ்காரன் மட்டும் ஏன் மேடம் இப்படி ரெண்டு சின்ன வார்த்தைய சேர்த்து வச்சு உயிரை வாங்குறான்"னு எழுதியிருந்தீங்க. அவன் மட்டும் இல்லம்மா. 'தட்டு'ன்னு ஒரு வார்த்தை. அநியாயத்தத் தட்டிக்கேட்டான். நல்லாப் படிச்ச பையனத் தட்டிக்கொடுத்தார். வேலை சொன்னா தட்டிக்கழிக்குறான். அடுத்தவன் சொத்தத் தட்டிப்பறிச்சான். முதல் பரிசத் தட்டிக்கிட்டுப் போயிட்டா. இதுல எதுலயாவது கையை வச்சு எதையாவது தட்டுற மாதிரி உங்களுக்குத் தோணுச்சா? தோணியிருக்காது, ஏன்னா நீங்க 'தட்டு' பிளஸ் 'கழி'ன்னு பிரிச்சுக் கத்துக்கல, உங்கம்மா "கடைக்குப் போடான்னா தட்டிக்கழிக்குறான் பாரு"ன்னு உங்க தம்பியைத் திட்டுறப்ப பக்கத்துல நின்னு கேட்டுக் கத்துக்கிட்டீங்க.

அதுலயும் நம்ம 'போட்டுக்கொடு' இருக்கே, அதை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விளக்கிப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். போட்டு, குடுக்குறது. சட்டை போட்டுக் குடுக்குறதா, காபி போட்டுக் குடுக்குறதா? "லீட்கிட்ட என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்"னு உங்க டீம்ல ஒருத்தர் சொன்னா உங்களுக்கு அரை செகண்டுல விளங்கிடும், அதே ஆள் "ஒரு காபி போட்டுக்கொடு"ன்னா அதுவும் விளங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல நீங்க மூளைக்குள்ள எந்த லிஸ்டையும் புரட்டல. அந்த மூளைதான் இங்கிலீஷுக்கும். தமிழ் மீடியம்தான் காரணம்னு எழுதினீங்களே, எனக்கு அதுல துளி கூட ஒப்புதல் இல்ல. ஊட்டி கான்வென்ட்ல படிச்சு முடிச்ச பசங்களே அமெரிக்க கிளையன்ட்கிட்ட பாஸ்ட் அவுட்னு சொல்லி மாட்டிக்கிட்டத என் ட்ரெயினிங்ல பார்த்திருக்கேன், ஏன்னா அவங்க கான்வென்ட்லயும் டீச்சர் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க.

'இட்' எங்க நிக்குதுன்னு பாருங்க

இப்ப உங்க மூணாவது சம்பவம், இதைத்தான் நான் கொஞ்சம் நின்னு பாக்கணும்னு நினைக்குறேன், ஏன்னா பாஸ் அவுட்ல மாட்டினா சிரிப்போட போயிடும், பாஸ் ஆன்ல மாட்டினா வேலை கெட்டுடும்.

பாஸ் ஆனுக்கு ஒரு அர்த்தம் கை மாத்திவிடுறது. சென்னை பஸ்ல கூட்டத்துல பின்னாடி மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவோம், காச முன்னாடி நிக்குறவர் கைல குடுத்து "ஒரு சைதாப்பேட்டை, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க"ன்னு சொல்லுவோம், அது கை மாறி கை மாறி கண்டக்டர்கிட்டப் போகும், டிக்கெட்டும் மிச்ச சில்லறையும் அதே வழில திரும்பி வரும் (இந்த ஒரு விஷயத்துக்காகவே சென்னைய எனக்குப் பிடிக்கும், ஒரு ரூபா குறைஞ்சு வந்ததில்ல). அதுதான் "பாஸ் இட் ஆன்". காசு எப்படி ரெண்டு பேர் கைக்கு நடுவுல இருக்கோ அதே மாதிரி அந்த 'இட்' பாஸுக்கும் ஆனுக்கும் நடுவுல இருக்கு, கவனிச்சீங்களா?

இன்னொரு அர்த்தம் எனக்கு வேணாம்னு மரியாதையா ஒதுங்கிக்கிறது. சீட்டாட்டத்துல தன் முறை வந்தா "பாஸ்"னு சொல்லி விட்டுடுறாங்கல்ல, அதே பாஸ். அதுக்கு "ஐ வில் பாஸ் ஆன் இட்"னு வரும். 'இட்' இப்ப நடுவுல இல்ல, கடைசிக்குப் போயிடுச்சு. யாரும் அதைக் கைல எடுக்கவே இல்ல, அது பாட்டுக்கு ஓரமா இருக்கு.

பாஸ் இட் ஆன்னா அனுப்பி வைக்குறேன். பாஸ் ஆன் இட்னா வேண்டாம். ரெண்டு எழுத்து வார்த்தை ஒண்ணு இடம் மாறி உக்காந்ததுக்கு ஆமாவும் இல்லயும் மாறிடுது. உங்க மேனேஜர் என்ன எழுதினார்? "ஐ வில் பாஸ் ஆன் திஸ் ஒன்." நடுவுல ஒண்ணும் இல்ல, மேல யாருக்கு அனுப்புறார்னு ஒரு பேரும் இல்ல. அனுப்புறவரா இருந்தா "ஐ வில் பாஸ் திஸ் ஆன் டு" இன்னாருன்னு ஏதாவது எழுதியிருப்பார். முன்னாடி போட்ட அந்த "தேங்க்ஸ்" கூட மறுக்குறதுக்கு முன்னாடி வைக்குற மெத்தைதான், ஆபீஸ் மெயில்ல பல பேரு நேரா 'வேண்டாம்'னு சொல்ல மாட்டாங்க, நம்ம வீட்ல பொண்ணு பார்க்க வந்தவங்க "கலந்து பேசிட்டு சொல்றோம்"னு சொல்லிட்டுப் போற மாதிரி.

கால்ல கேக்குறப்ப இதுக்கு இன்னொரு துப்பு இருக்கு. அனுப்புறதுன்னா குரல் 'ஆன்'ல அழுந்தும், பாஸ் இட் ஆ...ன். வேண்டாம்னா 'பாஸ்'ல அழுந்தும், ஆன் சத்தமே இல்லாம ஓடிடும். ரெக்கார்டிங் இருந்தா பழைய கால் எதையாவது போட்டுக் காதைக் குடுத்துக் கேளுங்க, ஒரு தடவை பிடிபட்டுச்சுன்னா அப்புறம் விடாது.

'இட்'டுக்குப் பதிலா பொருளோட பேரே வந்தா இந்த இட விதி கொஞ்சம் தளர்ந்துடும். "பாஸ் ஆன் த மெசேஜ்"னா செய்திய சொல்லிடு, "பாஸ் ஆன் த டெசர்ட்"னா இனிப்பு எனக்கு வேணாம், ரெண்டும் ஒரே அச்சுல இருக்கும். அங்க பொருளப் பாருங்க, மெசேஜ் கை மாறுற சாமான், சாப்பிட்டு முடிக்குற நேரத்துல வர்ற டெசர்ட் மறுக்குற சாமான். சந்தேகம் தீரலன்னா கேட்டுடுங்க.

கேக்குறதுன்னு சொன்னேன்ல, அங்கதான் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டு வார விஷயத்துல உங்க நிஜத் தப்பு பாஸ் ஆன் தெரியாதது இல்ல. உறுதி பண்ணாம லீட்கிட்ட "ஃபார்வர்ட் ஆயிருக்கு"ன்னு சொன்னீங்க பாருங்க, அது. இங்கிலீஷ் பிறவியிலயே பேசுறவங்க கூட ஒரு வரி மெயில்ல அர்த்தம் குழம்பினா திருப்பிக் கேக்குறாங்க, அது கேவலம் இல்ல. "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், ஷல் ஐ ட்ராப் திஸ், ஆர் ஆர் யூ ஷேரிங் இட் வித் சம்ஒன்?" இந்த ஒரு வரிய போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க. உங்க புக்ல இருக்குற ஆயிரத்தையும் விட இந்த ஒண்ணு உங்கள அதிகமாக் காப்பாத்தும்.

இறந்த வருஷம்

பாஸ் குடும்பத்துல இன்னும் ஒரே ஒரு குழி காட்டிட்டு நகர்ந்துடுறேன், இதுல விழுந்தா சிரிப்பும் வராது. பாஸ் அவேன்னா இறந்துட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அமெரிக்காவுல அந்த 'அவே'யையும் விட்டுட்டு வெறும் "ஹி பாஸ்ட்"னே சொல்றாங்க. இப்ப நீங்க சந்தோஷமா "மை பிரதர் பாஸ்ட் இன் மார்ச்"னு, தம்பி பரீட்சைல தேறினத சொன்னீங்கன்னு வைங்க, எதிர்ல இருக்குறவங்க முகம் சுண்டிப் போய் ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. எந்தப் பரீட்சைன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க, "பாஸ்ட் ஹிஸ் ஃபைனல்ஸ்"னு வந்தா பிரச்சினை இல்ல.

அதே கையோட உங்க ரெஸ்யூமைத் திறந்து பாருங்க. படிப்பு டேபிள்ல 'இயர் ஆஃப் பாஸிங்'னு ஒரு கட்டம் கண்டிப்பா இருக்கும், நம்ம எல்லார் ரெஸ்யூம்லயும் இருக்கு, எனக்கு வர்ற பத்து ரெஸ்யூம்ல எட்டுல இருக்கு. அவங்க ஊர்ல 'பாஸிங்'னா மறைவு. உங்க பேருக்குக் கீழ இறந்த வருஷம் 2021னு நீங்களே டைப் பண்ணி வச்ச மாதிரி ஆயிடும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புறதுல மட்டும் அதை 'கிராஜுவேஷன் இயர்'னு மாத்திடுங்க. லோக்கல் ரெஸ்யூம்ல இருந்துட்டுப் போகட்டும்.

புக்க என்ன பண்றது

63ல நிறுத்தினீங்கள்ல, அப்படியே நிறுத்திடுங்க. ஏ வரிசையில ஆரம்பிச்சு இசட் வரைக்கும் லிஸ்டா மனப்பாடம் பண்றவங்க யாரும் எனக்குத் தெரிஞ்சு கரை சேரல, பாஸ் அவுட், பாஸ் ஆன், பாஸ் ஆஃப், பாஸ் ஓவர், பாஸ் அப் எல்லாத்தையும் ஒரே நாள்ல படிச்சா மறுநாள் அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு கலந்து சாம்பார் ஆயிடும். அதுக்கு பதிலா உங்க மெயில் பெட்டியையே புக்கா வச்சுக்கோங்க. கிளையன்ட் அனுப்பின மெயில்ல வர்ற முழு வரியையும் அப்படியே ஒரு நோட்ல எழுதுங்க, பக்கத்துல இங்கிலீஷ் அர்த்தம் வேணாம், நம்ம வீட்ல இதை எப்படி சொல்லுவோமோ அந்தத் தமிழ் எழுதுங்க. "பாஸ்ட் அவுட் ஆன் த கவுச்"க்கு நேரா 'சாஞ்சவன்தான்'. "பாஸ்ட் ஓவர் ஃபார் ப்ரொமோஷன்"க்கு நேரா 'என்னை விட்டுட்டு அடுத்தவனுக்குக் குடுத்துட்டான்'. "பாஸ்ட் அப் த சான்ஸ்"க்கு நேரா 'வந்த வாய்ப்ப வேணாம்னு விட்டுட்டேன்'. வாரத்துக்கு நாலு வந்தா போதும், ஆறு மாசத்துல நூறு ஆயிடும், அந்த நூறும் உங்க வேலைல நிஜமா வர்ற நூறு.

இதுல இன்னொரு ஆறுதலும் இருக்கு. ப்ரேசல் வெர்ப் உங்களுக்குப் புரிஞ்சா போதும், நீங்க பேசணும்னு யாரும் கேக்கல. நீங்க எழுதுறப்ப 'கிராஜுவேட்', 'டிஸ்ட்ரிபியூட்', 'ஃபார்வர்ட்', 'டிக்ளைன்', 'போஸ்ட்போன்'னு ஒத்தை வார்த்தையா எழுதுங்க. கொஞ்சம் கவர்ன்மென்ட் ஆபீஸ் வாடை அடிக்கும், பரவாயில்ல, ஆபீஸ் மெயில்தானே, யாருக்கும் தப்பாப் புரியாது.

கால்லருந்து விலகலாமா

கேக்கலாம், உங்க லீட் ஒத்துக்கவும் செய்வார், ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். நீங்க விலகிட்டீங்கன்னா உங்க வேலைய வேற ஒருத்தர் கால்ல சொல்லுவார், அப்ரைசல் நேரத்துல கிளையன்ட்டுக்கு ஞாபகம் வர்ற பேரு அவரோடதா இருக்கும். அதுவும் போக, அஞ்சு மாசமா நீங்க மியூட்லயே இருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க, ஒரு தடவை விழுந்த படிக்கட்டப் பார்த்து மாடிக்கே போகாம இருக்குற மாதிரி, நாளாக நாளாக அந்தப் படி உங்க கண்ணுக்கு உசரமாயிட்டே போகும். முழுசா விலகுறதுக்கும் முழுசாப் பேசுறதுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. லீட்கிட்ட, "கால்ல ஸ்டேட்டஸ் அப்டேட் மட்டும் நான் சொல்றேன், கேள்வி பதில் ஒரு மாசத்துக்கு நீங்க பாத்துக்கோங்க, கால் முடிஞ்சதும் பேசினதோட குறிப்ப, அதான் மினிட்ஸ, நான் எழுத்துல அனுப்புறேன்"னு கேளுங்க. மினிட்ஸ் எழுதினா உங்களுக்குப் புரிஞ்சது சரியான்னு அவங்களே திருத்திக் குடுத்துடுவாங்க, காசு குடுக்காத ட்யூஷன்.

அந்த கிளையன்ட் அம்மா உங்கள மட்டமா நினைச்சிருப்பாங்கன்னு பயப்படுறீங்க. அவங்க கேட்டது "ஆர் யூ ஓகே நவ்?". மயங்கி விழுந்த பொண்ணுன்னு நினைச்சு அக்கறையா விசாரிச்சிருக்காங்க. சிரிச்சது நம்ம ஆளுங்க.

அந்த ஸ்டிக்கர்

ஹெச்.ஆர். போறது ஓவர் இல்ல, ஆனா முதல் படியா அது வேணாம்னு நினைக்குறேன். ஸ்டிக்கர் போட்டவர்கிட்ட குரூப்ல இல்லாம தனியா, எழுத்துல, "என் போட்டோ வச்ச அந்த ஸ்டிக்கர் எனக்குப் பிடிக்கல, டெலீட் பண்ணிடுங்க, இனிமே யூஸ் பண்ணாதீங்க"ன்னு அனுப்புங்க. சிரிக்குற பொம்மை எதுவும் போடாதீங்க, போட்டா அவருக்கு அது விளையாட்டுன்னு ஆயிடும். அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்டிக்கர் வந்த எல்லா இடத்தையும் தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, டெலீட் ஆனதுக்கப்புறம் எதைக் காட்டுவீங்க? ஒரு வாரத்துல நிக்கலன்னா லீட்டுக்கு மெயில், அப்புறமும் நிக்கலன்னா அதே மெயில ஹெச்.ஆருக்கு. சக ஊழியரைக் கேலி பண்றது பெரும்பாலும் கம்பெனியோட நடத்தை விதிகள்லயே வரும், உங்க கம்பெனி விதிப் புத்தகத்த ஒரு தடவை படிச்சுட்டு அந்தப் பாயிண்டக் குறிப்பிட்டு எழுதுங்க.

போன மாசம் ஒருத்தர் அதுக்குக் கீழ "இன்னைக்கு எந்த பார்ல பாஸ் அவுட்டு?"ன்னு போட்டதையும் எழுதியிருந்தீங்க. இது அசிங்கம்தான், ஆனா இங்கிலீஷையும் குடியையும் வச்சுக் கேலி பண்றது மட்டும் பாலியல் துன்புறுத்தல் சட்டத்துக்குள்ள வராது. அதுவே பேச்சு உங்க உடம்பப் பத்தியோ, அந்த மாதிரி இரட்டை அர்த்தத்துலயோ திரும்புச்சுன்னா அப்ப 2013ம் வருஷச் சட்டம் இருக்கு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல இதுக்குன்னு உள் புகார்க் குழு இருந்தே ஆகணும், சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், தொடர்ந்து நடந்தா கடைசியா நடந்த நாள்லருந்து கணக்கு, சரியான காரணம் இருந்தா குழு இன்னும் 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். இப்ப அதுக்கு அவசியம் இல்ல, ஆனா தேதி குறிச்சு வைக்கச் சொன்னது இதுக்காகவும்தான்.

அப்புறம், அந்தப் புது ஃபார்மேட் விஷயத்த அப்படியே விட்டுடாதீங்க. அவரு வேண்டாம்னு சொன்னது அந்த ஒரு ஃபார்மேட்ட. 'திஸ் ஒன்'னுதானே எழுதியிருக்கார். ஏன் பிடிக்கல, எந்தக் கட்டம் தேவையில்லன்னு ரெண்டு வரில கேட்டு எழுதுங்க, அவரு மறுபடியும் ஒத்தை வரில பதில் போட்டா, 'இட்' எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு எனக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்க.